அசிட்டோன் முதல் சைக்ளோஹெக்சனோன் வரை: கீட்டோன் கரைப்பான்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயின்ட், ஒட்டுப்பசை, ஃபைபர் கிளாஸ் வேலைகளுக்காகக் கரைப்பான் வாங்குபவர்களும், வீட்டில் முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைப் பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். இங்கே தரப்படும் எண்கள் தூய கரைப்பானுக்கு உரியவை. கலவையாக விற்கப்படும் பொருளுக்கு அதனதன் பாதுகாப்புத் தரவுத் தாளையே பார்க்க வேண்டும்.

கீட்டோன் கரைப்பான் என்கிறார்களே, அது ஒரே திரவமா, பல திரவங்களா?

பல திரவங்கள். ஒரு கார்பன் அணு ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் இருந்து, அதன் இருபுறமும் வேறு கார்பன் அணுக்கள் இணைந்திருந்தால் அந்தச் சேர்மம் கீட்டோன் ஆகும். இருபுறமும் உள்ள பகுதி சிறியதாக இருந்தால் அது நீரோடு எளிதில் கலக்கும், விரைவாக ஆவியாகும். அந்தப் பகுதி பெரிதாகப் பெரிதாக நீரோடு சேராத தன்மை கூடி, ஆவியாகும் வேகம் குறைகிறது.

சந்தையில் அதிகம் புழங்குபவை நான்கு: அசிட்டோன், எம்.இ.கே. என்று அழைக்கப்படும் மெத்தில் எத்தில் கீட்டோன், எம்.ஐ.பி.கே. என்னும் மெத்தில் ஐசோபியூட்டில் கீட்டோன், சைக்ளோஹெக்சனோன். பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பக்கூடியவை என்பதால், வாங்கும்போது கேனில் உள்ள சி.ஏ.எஸ். எண்ணை, அதாவது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனியாகத் தரப்பட்ட அடையாள எண்ணை, பார்த்து வாங்குவது நல்லது. மேலே சொன்ன வரிசையில் அவை 67-64-1, 78-93-3, 108-10-1, 108-94-1.

இந்த நாலில் எது ரொம்ப ஸ்ட்ராங்?

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். இதற்கு நேரடியான விடை கிடையாது. எதைக் கரைக்க வேண்டும் என்று சொல்லாமல் ஒரு கரைப்பானின் வலிமையைப் பற்றிப் பேச முடியாது. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கை அசிட்டோன் நன்றாகவே கரைக்கும், ஆனால் பி.வி.சி. குழாயை ஊற வைத்து உப்பச் செய்வதோடு பெரும்பாலும் நின்றுவிடும். அதே பி.வி.சி.யைச் சைக்ளோஹெக்சனோன் மெதுவாகவும் முழுமையாகவும் கரைத்துவிடும். ஆனால் அசிட்டோன் மூக்கைத் துளைத்துக்கொண்டு சட்டென்று ஆவியாவதால், பலர் அதையே வீரியம் மிக்கது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

எனவே ‘எது ஸ்ட்ராங்’ என்பதற்குப் பதிலாக இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கரைக்க நினைப்பது எது, அதன் அடியிலும் பக்கத்திலும் இருந்து கெட்டுவிடக் கூடாதது எது? கரைப்பான் அந்தப் பரப்பில் எவ்வளவு நேரம் ஈரமாக நிற்க வேண்டும்? இவை இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் தேர்வு ஏறக்குறைய முடிந்துவிடும்.

எவ்வளவு வேகமாக ஆவியாகும் என்பதை எப்படி ஒப்பிடுவது? கொதிநிலையை வைத்தா?

கொதிநிலை ஓரளவுக்கு வழிகாட்டும். அசிட்டோன் 56 டிகிரி செல்சியஸிலும், எம்.இ.கே. 80 டிகிரியிலும், எம்.ஐ.பி.கே. 116 டிகிரியிலும், சைக்ளோஹெக்சனோன் சுமார் 156 டிகிரியிலும் கொதிக்கின்றன. ஆனால் பூச்சுத் தொழிலில் பியூட்டில் அசிட்டேட்டின் ஆவியாகும் வேகத்தை 1 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒப்பிடுவதே வழக்கம். அந்த அளவில் அசிட்டோன் ஏறத்தாழ 6, எம்.இ.கே. 4, எம்.ஐ.பி.கே. 1.6, சைக்ளோஹெக்சனோன் 0.3. அதாவது அசிட்டோன் போகும் நேரத்தைப் போல இருபது மடங்கு நேரம் சைக்ளோஹெக்சனோன் பரப்பிலேயே தங்கும்.

எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு உடனே அடுத்த வேலைக்குப் போக வேண்டுமானால் வேகமானது நல்லது. பூச்சு ஓடிப் பரவி மட்டமாக வேண்டும், அச்சுத் திரையின் கண்களில் மை காயக் கூடாது என்றால் மெதுவானது வேண்டும். பொதுவாக நம் ஊர் வெயிலில், கையேட்டில் குளிர்நாட்டுக்காக எழுதியிருப்பதைவிட ஒரு படி மெதுவானதைத் தேர்ந்தெடுப்பதே சரியாக வருகிறது.

நெயில் பாலிஷ் ரிமூவரும் அசிட்டோன்தானே? ஹார்டுவேர் கடைத் தின்னரும் அதுதானே?

இரண்டும் இல்லை. நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் இருக்கலாம். ஆனால் அதில் நீர், நிறம், மணம், நகம் வறளாமல் இருக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் ஆகியவையும் இருக்கும். ‘அசிட்டோன் இல்லாதது’ என்று எழுதப்பட்டதில் பெரும்பாலும் எத்தில் அசிட்டேட் இருக்கும். ஒட்டுவதற்கு முன் பரப்பைத் துடைக்க ரிமூவரைப் பயன்படுத்தினால், அந்த எண்ணெய்ப் படலம் பின்தங்கி ஒட்டுதலையே கெடுத்துவிடும்.

என்.சி. தின்னர் என்பது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கான கலவை. அதில் டொலுயீன், எஸ்டர்கள், ஆல்கஹால், கீட்டோன் எல்லாம் தயாரிப்பாளரின் விருப்பப்படியும் அன்றைய விலைப்படியும் இருக்கும். மலிவான கலவைகளில் மெத்தனாலும் இருப்பதுண்டு. அது தோல் வழியாகவும் உடலில் சேரும் நஞ்சு. தின்னரால் கை கழுவும் பழக்கம் பல டிங்கரிங் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அதை இன்றே நிறுத்திவிடலாம்.

ஃபெவிக்விக் விரலில் ஒட்டிக்கொண்டது. அசிட்டோன் போடலாமா?

போடலாம். பஞ்சில் நனைத்து ஓரத்தில் வைத்துக் கொஞ்சம் பொறுத்தால் அந்தச் சயனோஅக்ரிலேட் பசை இளகிவிடும், பிய்த்து இழுக்க வேண்டாம். கண்ணிலோ உதட்டிலோ ஒட்டியிருந்தால் அசிட்டோனைப் பக்கத்தில் கொண்டுபோகாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் எடுத்த முப்பரிமாண அச்சை அசிட்டோன் ஆவியில் பளபளப்பாக்குகிறார்களே, நான் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஏன்?

ஏ.பி.எஸ்., ஏ.எஸ்.ஏ. இரண்டின் மேற்பரப்பையும் அசிட்டோன் ஆவி மெல்லியதாக இளக்குகிறது. இளகிய அந்தத் தோல், பரப்பு இழுவிசையால் தானே மட்டமாகி, அடுக்கடுக்காகத் தெரியும் கோடுகள் மறைகின்றன. பி.எல்.ஏ.வுக்கு அசிட்டோன் உரிய கரைப்பான் அல்ல. சில வகைகள் வெளிறி, இளகி, பிசுபிசுப்பாகுமே தவிர, பளபளப்பு வராது. பி.இ.டி.ஜி.யும் அப்படித்தான். அவற்றை உப்புத்தாளும் பிரைமரும் கொண்டு சரிசெய்வதே எளிது.

ஏ.பி.எஸ்.ஸுக்குச் செய்யும்போது அடுப்பில் வைத்துச் சூடாக்கும் முறையை விட்டுவிடுங்கள். மூடியுள்ள கண்ணாடி அல்லது தகர டப்பாவின் உட்சுவரில் தாளை ஒட்டி, அதில் சில மில்லிலிட்டர் அசிட்டோனை நனைத்து, அச்சைத் திரவம் தொடாமல் ஒரு மேடையில் நிறுத்தி மூடிவிட்டால் அறை வெப்பமே போதும். அவ்வப்போது பாருங்கள். கோடுகள் மங்கத் தொடங்கி, விளிம்புகள் இன்னும் கூர்மையாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் வெளியே எடுத்த பிறகும் சிறிது நேரம் இளகல் தொடரும். எடுத்த உடனே விரலால் தொட்டால் ரேகை அப்படியே பதிந்துவிடும்.

சில மில்லிலிட்டர்தானே, தீப்பற்றுமா என்று கேட்பார்கள். 5 லிட்டர் டப்பாவுக்குள் அரை மில்லிலிட்டருக்கும் குறைவான அசிட்டோன் ஆவியானாலே அது தீப்பற்றும் கலவையாகிவிடும். டப்பா முழுதும் ஆவி நிறைந்துவிட்டால் காற்று போதாமல் உள்ளே எரியாது என்பது உண்மைதான், ஆனால் மூடியைத் திறக்கும் கணத்தில் வெளிக்காற்று புகுந்து அதே ஆவி தீப்பற்றும் அளவுக்குள் வந்துவிடுகிறது. எனவே மூடியைத் திறக்கும் இடத்தில் சுவிட்சோ, இயங்கும் மோட்டாரோ, ஓடிக்கொண்டிருக்கும் அச்சு இயந்திரமோ இருக்கக் கூடாது.

எந்தப் பிளாஸ்டிக் தாங்கும், எது தாங்காது? எந்த டப்பாவில் ஊற்றி வைப்பது?

பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன், டெஃப்லான், நைலான் ஆகியவை தாங்கும். தெர்மோகோல், அக்ரிலிக், ஏ.பி.எஸ். தாங்காது. பாலிகார்பனேட்டைப் பார்த்தால் தாங்குவதுபோலத் தோன்றும், ஆனால் உள்ளே இறுக்கம் உள்ள இடங்களில் மயிரிழை வெடிப்புகள் விழும். தலைக்கவசத்தையும் பாதுகாப்புக் கண்ணாடியையும் அசிட்டோனால் துடைக்கக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான். ரப்பர்களில் பியூட்டில், ஈ.பி.டி.எம். இரண்டும் நின்றுபிடிக்கும். நைட்ரைலும் வைட்டான் எனப்படும் ஃப்ளோரோ ரப்பரும் உப்பிப்போகும். பெட்ரோலுக்குத் தாங்கும் ரப்பர் கீட்டோனுக்கும் தாங்கும் என்று எண்ணிக் கசிவை வரவழைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

வைத்திருக்க, வந்த தகரக் கேனே சிறந்தது. சிறிய அளவுக்குக் கண்ணாடிப் புட்டி அல்லது எச்.டி.பி.ஈ. எனப்படும் கெட்டியான பாலிஎத்திலீன் புட்டி போதும். குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கவே கூடாது. அந்தப் பிளாஸ்டிக் வெளிறி நொறுங்கும் என்பது ஒரு காரணம். தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

பி.வி.சி. குழாயை ஒட்ட அசிட்டோனில் பி.வி.சி. தூளைப் போட்டுக் கலக்கினால் பசை ஆகாதா?

ஆகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் சால்வென்ட் சிமெண்டில் பொதுவாக டெட்ராஹைட்ரோஃப்யூரான், எம்.இ.கே., சைக்ளோஹெக்சனோன் ஆகியவை கலந்திருக்கும். முதல் இரண்டும் குழாயின் பரப்பை விரைவாக இளக்குகின்றன. மூன்றாவது கடைசி வரை தங்கியிருந்து, குழாயைப் பொருத்தித் திருப்பும் வரை இணைப்பு காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது. இரு பரப்பின் பி.வி.சி.யும் ஒன்றில் ஒன்று கலந்து, கரைப்பான் வெளியேறியதும் ஒரே துண்டாகிவிடுகிறது. அசிட்டோன் அந்த நேரத்தைக் கொடுக்காது, பி.வி.சி.யைப் போதுமான அளவுக்குக் கரைக்கவும் செய்யாது. ஒட்டுவதற்கு முன் துடைப்பதற்கு வேண்டுமானால் அதைப் பயன்படுத்தலாம்.

மழைக்காலத்தில் லாக்கர் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. தின்னர் கலப்படமா?

கலப்படமாகவும் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் காரணம் வேகம்தான். அசிட்டோன் போன்ற வேகமான கரைப்பான் ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தை எடுத்துச் சென்று அதைக் குளிர வைக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் குளிர்ந்த பரப்பின்மேல் நீர் படிகிறது. நீர் பட்ட இடத்தில் நைட்ரோசெல்லுலோஸ் கரைசலில் நிற்க முடியாமல் பிரிந்து வெண்ணிறமாகத் தெரிகிறது.

இதற்கு ரிடார்டர் என்று விற்கப்படும் மெதுவான கரைப்பானைச் சிறிதளவு சேர்க்க வேண்டும். சைக்ளோஹெக்சனோனும் டைஅசிட்டோன் ஆல்கஹாலும் இந்த வேலையைச் செய்யும். ஏற்கெனவே பூத்த பரப்பின்மேல், வெயில் வந்து ஈரம் குறைந்த பிறகு, ரிடார்டர் கலந்த தின்னரை மெல்லிய பனிபோல ஒரு தடவை தெளித்தால் வெண்மை பெரும்பாலும் அடங்கிவிடும். அளவு மீறினால் பூச்சு நாள்கணக்கில் காயாமல் நகம் பட்டாலே பதியும்.

எபாக்ஸி ரெசின் கெட்டியாக இருக்கிறது. அசிட்டோன் ஊற்றி இளக்கலாமா?

வேண்டாம். ஊற்றினால் இளகும், ஊற்றுவதற்கும் சுகமாக இருக்கும். ஆனால் எபாக்ஸி இறுகும்போது நடுப்பகுதியில் உள்ள அசிட்டோன் வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும். இறுகிய பொருள் சுருங்கும், வலுவிழக்கும், தடிமனான வார்ப்பில் குமிழியும் வரும். ரெசின் டப்பாவை வெந்நீரில் சற்று நேரம் நிறுத்தினாலே அது போதுமான அளவு இளகும். இறுகாத எபாக்ஸியைத் தூரிகையிலிருந்தும் கருவியிலிருந்தும் துடைக்க அசிட்டோன் சரியானது. கையிலிருந்து துடைக்க அல்ல.

ஃபைபர் கிளாஸ் வேலைக்கு எம்.இ.கே. ஹார்டனர் கேட்டேன். கடையில் எம்.இ.கே. கரைப்பானைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. பாலியெஸ்டர் ரெசினை இறுகச் செய்வது எம்.இ.கே.பி., அதாவது மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு, சி.ஏ.எஸ். எண் 1338-23-4. ரெசினின் எடையில் ஏறத்தாழ 1 முதல் 2 சதவீதம் சேர்ப்பார்கள். எம்.இ.கே. வெறும் கரைப்பான், அதை ரெசினில் ஊற்றினால் ரெசின் இறுகாது. இந்தப் பெயர்க் குழப்பம் நேரம் வீணாவதோடு முடிந்தால் அதிர்ஷ்டம்.

எம்.இ.கே.பி. ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வையை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது. எனவே சொட்டு ஊற்றுவதற்கு முன்பே கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். வேகமூட்டியான கோபால்ட்டையும் எம்.இ.கே.பி.யையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றாதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பின்னரே பெராக்சைடைச் சேர்க்க வேண்டும். எம்.இ.கே.பி.யை அசிட்டோனில் கலந்து நீர்க்கச் செய்வதும் ஆபத்து. அது சிந்திய இடத்தையும் அசிட்டோனால் துடைக்கக் கூடாது.

அசிட்டோன் நம் உடம்பிலேயே உண்டாகிறதாமே? அப்படியென்றால் வாசனை பழகிவிட்டால் பயப்பட வேண்டாம்தானே?

உண்டாகிறது. பட்டினி கிடக்கும்போதும், கட்டுப்படாத நீரிழிவிலும் உடல் கொழுப்பைச் சிதைப்பதால் உருவாகும் அசிட்டோன் மூச்சில்கூட மணக்கும். அதனால்தான் நான்கில் அசிட்டோனே உடலுக்கு ஓரளவு இணக்கமானது. ஆனால் மூக்கு பழகிப்போவதால் வாசனை தெரியாமல் போகுமே தவிர, காற்றில் ஆவியின் அளவு குறைவதில்லை.

தொழில் சுகாதார வரம்புகளைப் பரிந்துரைக்கும் அமெரிக்க அமைப்பான ஏ.சி.ஜி.ஐ.எச்., எட்டு மணி நேரச் சராசரியாக அசிட்டோனுக்குப் பத்து லட்சத்தில் 250 பங்கு என்று சொல்கிறது. எம்.ஐ.பி.கே.க்கும் சைக்ளோஹெக்சனோனுக்கும் அது 20 பங்கு மட்டுமே. சைக்ளோஹெக்சனோன் தோல் வழியாகவும் உள்ளே போகும். எம்.ஐ.பி.கே.யை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி வகையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. மெதுவாக ஆவியாவதால் சாதுவானது என்று நினைக்க இடமில்லை. பி.வி.சி. துணியில் அச்சிடும் சால்வென்ட் மைகளில் சைக்ளோஹெக்சனோன் பெரும்பாலும் இருக்கும், ஃபிளெக்ஸ் பேனர் அச்சிடும் கடைகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நன்றாகப் புரியும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டர் உள்ள மூடிய அறையில் ஏறத்தாழ 20 மில்லிலிட்டர் அசிட்டோன் ஆவியானாலே 250 பங்கு வந்துவிடும். அது இரண்டு மேசைக்கரண்டிக்கும் குறைவு. ஜன்னலைத் திற என்று சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல.

ஒட்டுப்பசையில் எம்.இ.கே.யும் ஹெக்ஸேனும் சேர்ந்து இருக்கிறது. தனித்தனியாகப் பாதுகாப்பு என்றால் சேர்ந்தாலும் பாதுகாப்புதானே?

இந்த இடத்தில் அந்தக் கணக்கு செல்லாது. நார்மல் ஹெக்ஸேன் உடலில் 2,5-ஹெக்ஸேன்டையோன் என்ற பொருளாக மாறி, கை கால்களுக்குச் செல்லும் நீண்ட நரம்புகளைச் சிதைக்கிறது. பாதத்தில் மரத்துப்போகத் தொடங்கி, பிறகு நடையே தளரும். எம்.இ.கே. தனியாக இந்தக் கேட்டைச் செய்வதில்லை, ஆனால் ஹெக்ஸேன் செய்யும் கேட்டை அதிகப்படுத்துகிறது. 1970-களில் ஜெர்மனியின் பெர்லினில், தின்னரை முகர்ந்து போதை ஏற்றிக்கொண்ட இளைஞர்களிடையே, தின்னரில் எம்.இ.கே. சேர்க்கப்பட்ட பிறகு நரம்பு நோய் பரவலாகத் தோன்றியது இதைக் காட்டிய நிகழ்வுகளில் ஒன்று.

நால்வரில் சேராத இன்னொரு கீட்டோனையும் இங்கே சொல்ல வேண்டும். மெத்தில் நார்மல் பியூட்டில் கீட்டோன் அதே நச்சுப்பொருளாகவே உடலில் மாறுகிறது. 1973-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில், பூச்சுத்துணி அச்சிடும் ஆலையொன்றில் எம்.ஐ.பி.கே.க்குப் பதிலாக இதைப் பயன்படுத்தியபோது தொழிலாளர்களிடையே நரம்பு நோய் வெடித்தது. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பொருள் வேறு. முதல் கேள்வியில் சி.ஏ.எஸ். எண்ணைப் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான். ஆம்பூர், ராணிப்பேட்டை போன்ற காலணித் தொழில் ஊர்களில் பசை பூசும் மேசையில் இருப்பவர்கள், பசை டின்னின் தரவுத் தாளில் ‘நார்மல் ஹெக்ஸேன்’ இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீல நிற நைட்ரைல் கையுறையும் என்-95 முகமூடியும் போட்டிருக்கிறேன். போதும்தானே?

இரண்டும் போதாது. நைட்ரைல் எண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் நல்லது, கீட்டோன் அதைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். ஊடுருவிய பிறகு கையுறைக்குள்ளேயே திரவம் தேங்கி, வெறுங்கையைவிட மோசமாகிவிடும். தொடர்ந்து நனையும் வேலைக்குப் பியூட்டில் ரப்பர் கையுறை தேவை. விலை அதிகம், ஆனால் நாள்பட உழைக்கும். தெறிப்பு மட்டும் படக்கூடிய சிறு வேலைக்கு மெல்லிய கையுறையைப் போட்டு, நனைந்ததும் கழற்றி எறிந்துவிடலாம்.

என்-95 தூசியைத் தடுக்கும், ஆவி அதன் வழியே தாராளமாகப் போகும். கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி வேண்டும். அசிட்டோன் போன்ற தாழ்ந்த கொதிநிலைப் பொருள் கார்ட்ரிட்ஜில் அதிக நேரம் நிற்காது. ஐரோப்பிய முறையில் இத்தகைய பொருள்களுக்கு ஏ.எக்ஸ். என்று தனி வகையே இருக்கிறது. முகமூடியை நம்புவதற்கு முன் காற்றோட்டத்தைச் சரிசெய்வதே முறை.

பட்டறை மூலையில் சாமி விளக்கு எரிகிறது. பத்தடி தள்ளித்தான் வேலை செய்கிறோம். பிரச்சினை இல்லையே?

பிரச்சினை இருக்கிறது. அசிட்டோனின் தீப்பற்று வெப்பநிலை (ஒரு சுடர் பட்டாலே பற்றும் அளவுக்கு ஆவி வரத் தொடங்கும் வெப்பநிலை) சுழிக்குக் கீழே ஏறத்தாழ 20 டிகிரி, எம்.இ.கே.யினுடையதும் சுழிக்குக் கீழேதான், எம்.ஐ.பி.கே. 14 டிகிரி. நம் ஊரில் எந்த நாளிலும் இவை தீப்பற்றத் தயார் நிலையிலேயே இருக்கின்றன. சைக்ளோஹெக்சனோன் மட்டும் 44 டிகிரி, ஆனால் வெயிலில் நின்ற தகரக் கொட்டகைக்குள் அதுவும் எட்டக்கூடிய அளவே. அசிட்டோன் ஆவி காற்றைப் போல இரு மடங்கு கனமானது. அது மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, வாசற்படியைத் தாண்டி, பத்தடி என்ன, அதற்கு அப்பாலும் உள்ள சுடரைத் தேடிப்போய், எரிந்துகொண்டே திரும்பி வரும்.

முந்தைய கேள்வியொன்றில் சொன்ன அதே அறையில் காற்று முழுவதும் தீப்பற்றும் அளவை எட்ட 2 லிட்டர் போல ஆவியாக வேண்டும். அதைக் கேட்டு ஆறுதல் அடைய வேண்டாம், ஆவி அறை முழுதும் சமமாகப் பரவுவதில்லை. தரையில் சிந்திய ஒரு டம்ளர் அசிட்டோனே, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள் அந்த அளவை எட்டப் போதும். ஃபிரிட்ஜின் ரிலே, சாதாரண டேபிள் ஃபேன், தரைமட்டத்துப் பிளக் பாயின்ட் எல்லாமே பொறி தரக்கூடியவை. பெரிய டிரம்மிலிருந்து ஊற்றும்போது இரு பாத்திரங்களையும் கம்பியால் இணைத்து எர்த் செய்ய வேண்டும்.

தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றலாமா? அசிட்டோன் தண்ணீரில் கலக்குமே!

கலக்கும், ஆனால் பாதிக்குப் பாதி நீர் கலந்த அசிட்டோனும் அறை வெப்பத்திலேயே தீப்பற்றும். பீய்ச்சி அடித்தால் தீயோடு திரவமும் சிதறும். பாத்திரத்தில் எரிந்தால் மூடியால் மூடிவிடுங்கள். சிந்தி எரிந்தால் உலர் தூள் அல்லது கரியமில வாயு அணைப்பான். சாதாரண நுரையை அசிட்டோனும் எம்.இ.கே.யும் உடைத்துவிடும், தொழிற்கூடங்களில் ஆல்கஹாலுக்குத் தாங்கும் நுரையே வைத்திருக்க வேண்டும்.

எதோடெல்லாம் கலக்கவே கூடாது?

ஹைட்ரஜன் பெராக்சைடு, பிளீச்சிங் திரவம், குளோரோஃபார்ம், நைட்ரிக் அமிலம். முதலாவது வெடிக்கும் பொருளை உண்டாக்கக்கூடும். பிளீச் அசிட்டோனோடு சேர்ந்தால் குளோரோஃபார்ம் உருவாகும். குளோரோஃபார்மும் அசிட்டோனும் காரத்தின் முன்னிலையில் கட்டுக்கடங்காத வெப்பத்தோடு வினைபுரியும், எனவே இவை இரண்டின் கழிவையும் ஒரே கேனில் ஊற்றக் கூடாது. எம்.இ.கே.பி. பற்றி மேலே சொல்லியாயிற்று.

பெட்ரோலில் கொஞ்சம் அசிட்டோன் விட்டால் மைலேஜ் கூடுமாமே?

கூடாது. எரிபொருள் குழாயிலும் சீல்களிலும் உள்ள ரப்பருக்கு என்ன ஆகும் என்பதைப் பிளாஸ்டிக், ரப்பர் பற்றிய விடையில் பாருங்கள்.

டப்பாவில் ‘வி.ஓ.சி. இல்லாதது’ என்று போட்டிருக்கிறது, உள்ளே அசிட்டோன். இது ஏமாற்றா?

சட்டப்படி ஏமாற்று இல்லை. வி.ஓ.சி. என்றால் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மம். வெயிலில் காற்றிலுள்ள பிற வாயுக்களோடு வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உருவாக்குவதில் அசிட்டோனின் பங்கு மிகக் குறைவு என்று கருதி, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1995-இல் அதை வி.ஓ.சி. கணக்கிலிருந்து விலக்கியது. அதற்குப் பிறகு அந்நாட்டுப் பூச்சுகளிலும் தெளிப்பான்களிலும் அசிட்டோன் பங்கு கூடியது. அந்த வாசகம் வானத்துப் புகைமூட்டத்தைப் பற்றியது. உங்கள் நுரையீரலைப் பற்றியோ தீயைப் பற்றியோ அது எதுவும் சொல்லவில்லை.

எம்.இ.கே. இன்னும் வி.ஓ.சி.தான், ஆனால் 2005-இல் அது அங்குள்ள அபாயகரக் காற்று மாசுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. எம்.ஐ.பி.கே. அந்தப் பட்டியலில் தொடர்கிறது. வெளிநாட்டு வாங்குநருக்காகத் தயாரிப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

எங்கள் பக்கம் தேவை மாறவே இல்லை, அசிட்டோன் விலை மட்டும் ஏன் இப்படி ஆடுகிறது?

உலகில் பெரும்பாலான அசிட்டோன், பீனால் தயாரிப்பின் உடன்விளைபொருளாகவே வருகிறது. குமீன் முறையில் ஒரு டன் பீனாலோடு ஏறத்தாழ 0.6 டன் அசிட்டோன் தானாகவே கிடைக்கும், வேண்டாம் என்றாலும் கிடைக்கும். ஆகவே பிளைவுட் பசைக்கும் பாலிகார்பனேட்டுக்கும் பீனால் தேவை கூடினால் அசிட்டோன் பெருகி விலை இறங்கும், பீனால் ஆலை நின்றால் விலை ஏறும். இந்தியாவில் கொச்சி அம்பலமுகளில் உள்ள இந்துஸ்தான் ஆர்கானிக் கெமிக்கல்ஸும், 2018-இல் உற்பத்தியைத் தொடங்கிய குஜராத் தஹேஜின் தீபக் பீனாலிக்ஸும் இதைத் தயாரிக்கின்றன. எம்.இ.கே. நம் சென்னை மணலியிலேயே தயாராகிறது. எம்.ஐ.பி.கே.யோ அசிட்டோனிலிருந்தே செய்யப்படுவதால் இரண்டின் விலையும் தொடர்ந்தே ஓடும்.

குமீன் முறைக்கு முந்தைய காலத்தில் நிலைமை வேறு. முதல் உலகப் போரில் கார்டைட் வெடிமருந்து செய்ய அசிட்டோன் போதாமல் பிரிட்டன் தவித்தபோது, வேதியியலாளர் செயிம் வைஸ்மன் நுண்ணுயிரியைக் கொண்டு மாவுச்சத்தை நொதிக்க வைத்து அதைத் தயாரித்துக் காட்டினார்.

சொந்தத் தொழிலுக்குத்தான் வாங்குகிறேன். டீலர் ஏன் ‘எதற்கு’ என்று துருவிக் கேட்கிறார்?

போதைப்பொருள் தயாரிப்பில் தவறாகப் பயன்படக்கூடிய வேதிப்பொருள்களை வரிசைப்படுத்திய 1988-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் அசிட்டோன், எம்.இ.கே. இரண்டும் உள்ளன. அதனால் பொறுப்பான விற்பனையாளர் பெரிய அளவுக்கு ஜி.எஸ்.டி. எண்ணையும் பயன்பாட்டையும் கேட்பது இயல்பு. கேட்காமல் கொடுப்பவரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

துடைத்த பனியன் வேஸ்டையும் மிஞ்சிய அழுக்குத் தின்னரையும் என்ன செய்வது? சாக்கடையில் ஊற்றினால் கலந்து போய்விடாதா?

கலந்து போகும் வழியில் சாக்கடையின் மூடிய பகுதியில் ஆவி தேங்கும், அடுத்த தெருவில் யாரோ தீக்குச்சி கிழிப்பார்கள். நனைந்த துணியை மூடியுள்ள தகர வாளியில் போடுங்கள். பொழுதுபோக்காகச் செய்பவரின் சில துண்டுகளை, சுடர் இல்லாத திறந்தவெளியில் விரித்து முழுவதும் காயவிட்ட பிறகு அகற்றலாம். அழுக்குக் கரைப்பானை ஒரு கேனில் சேர்த்து அசையாமல் வைத்தால் நிறமி அடியில் படியும், மேலே தெளிந்ததை முதல் கழுவலுக்கு மறுபடியும் பயன்படுத்தலாம்.

தொழிற்கூடங்களுக்கு இது விருப்பத்தைப் பொறுத்ததல்ல. பயன்படுத்திய கரைப்பான் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்று, பதிவேடு வைத்து, அனுமதி உள்ள மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

அந்த அழுக்குத் தின்னரை நாமே வடித்து எடுத்தால் என்ன? அசிட்டோன் 56 டிகிரியில் கொதித்துவிடுமே.

அந்த 56 டிகிரிதான் ஆசை காட்டுகிறது. அடியில் மிஞ்சும் கசடில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் இருந்தால், அது வறண்டு சூடாகும்போது தானே சிதைந்து தீப்பற்றும், மூடிய கலனில் வெடிக்கும். கசடில் பெராக்சைடு கலந்த ரெசின் இருந்தாலும் அபாயமே. ஆலைகளில் இதற்கென உள்ள கருவிகளில் வெப்ப எல்லையும், வறண்டு போகுமுன் நிறுத்தும் ஏற்பாடும், பொறி தராத மின்னிணைப்பும் இருக்கும். குக்கரிலும் கேஸ் அடுப்பிலும் செய்வதைக் காட்டும் காணொளிகளைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

ஆவியை வெளியே விடாமல் கரி வடிப்பான் வைக்கச் சொல்கிறார்கள். டொலுயீனுக்கு வைத்ததையே எம்.இ.கே.க்கும் பயன்படுத்தலாமா?

அப்படியே மாற்றிவிட முடியாது. டொலுயீனை உறிஞ்சும் கரிப் படுகை கீட்டோனையும் உறிஞ்சும், ஆனால் எம்.இ.கே., சைக்ளோஹெக்சனோன் ஆகியவை கரியின் பரப்பில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து வெப்பத்தை உண்டாக்குகின்றன. காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த வெப்பம் அடித்துச் செல்லப்படும். மாலையில் விசிறியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகும்போதுதான் படுகையின் நடுவில் சூடு ஏறத் தொடங்கும். கீட்டோன் ஏறிய கரிப் படுகைகள் தீப்பிடித்த நிகழ்வுகள் இந்தத் தொழிலில் நன்கு அறியப்பட்டவை.

மாற்றியே ஆக வேண்டுமானால், படுகையின் பல ஆழங்களில் வெப்பமானி, வெளியேறும் காற்றில் கார்பன் மோனாக்சைடு உணரி, அவசரத்தில் நீர் பாய்ச்சும் வழி ஆகியவற்றைக் கருவி தந்தவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலை நிறுத்தும் முன் படுகையில் உள்ள கரைப்பானை நீராவியால் வெளியேற்றிவிட்டு, ஈரமாகவே விடுவது வழக்கம். எந்தக் கீட்டோன், மணிக்கு எத்தனை கிலோ என்பதைச் சொல்லாமல் கேட்டால் அவர்களாலும் சரியான விடை தர முடியாது.